காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்கு உண்டு, நலத்திட்ட உதவி இல்லை: பிரிட்டனின் இந்த ஏற்பாடு நியாயமா?

ஈஸ்ட்ஹாம் வாசி:

பிரிட்டனுக்கு வேலை விசாவில் வரும் இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் வந்திறங்கிய முதல் ஆண்டிலேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது நம்மவரில் பலருக்கே தெரியாது. காமன்வெல்த் நாடொன்றின் குடியுரிமையும், செல்லுபடியாகும் விசாவும், இங்கே ஒரு முகவரியும் இருந்தால் போதும். நிரந்தர வதிவிட உரிமைகூடத் தேவையில்லை. அதே மனிதர் வேலை இழந்து, வாடகை கட்ட வழியின்றிக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனால், பொது நிதியை நாடக் கூடாது என்ற விசா நிபந்தனையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரெக்சிட்டுக்கு முன் வந்து ‘செட்டில்டு ஸ்டேட்டஸ்’ எனும் நிரந்தரத் தங்கல் உரிமை பெற்ற பிரெஞ்சுக்காரரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்குக் குறைந்த வருமானத்தோருக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை கிடைக்கும், ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது.

அடுத்த பிரதமர் யார் என்று தீர்மானிப்பதில் பங்கு தரும் அளவுக்கு ஒருவரை நம்பும் அரசு, 2025–26இல் வாரம் 26 பவுண்டாக இருந்த குழந்தைப்படியை அவர் பிள்ளைக்குத் தர மறுப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? காமன்வெல்த் குடிமக்கள் இரண்டு ஆண்டுகள் வரியும், சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்புறுதிச் சந்தாவும் செலுத்தியிருந்தால் இந்தத் தடையை நீக்கிவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து வாதிட்டால் எல்லோருக்கும் பயன்படும்.

கணக்கர்:

விவாதத்துக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘பொது நிதி’ என்பது அரசுப் பணம் அனைத்தையும் குறிக்காது. குடிவரவு விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கும் உதவிகளை மட்டுமே குறிக்கும். யூனிவர்சல் கிரெடிட், குழந்தைப்படி, வீட்டு வாடகை உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான ‘பிப்’, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட், கவுன்சில் வீடு ஆகியவை அதில் அடங்கும். 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 115ஆம் பிரிவு பெரும்பாலான உதவித்தொகைகளை இதன்படியே மறுக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கல்வியும் தேசிய சுகாதாரச் சேவையும் இப்பட்டியலில் இல்லை. தேசியக் காப்புறுதிச் சந்தாவின் பேரில் வரும் அரசு ஓய்வூதியம், நோய்க்கால ஊதியம், மகப்பேற்று ஊதியம், புதுமுறை வேலையிழப்புப் படி ஆகியனவும் இல்லை.

ஆகவே ‘வரி கட்டியும் ஒன்றும் கிடைப்பதில்லை’ என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலையிழப்புப் படி பெறுபவர் கிடைக்கும் வேலையை ஏற்க ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலை விசாவோ அவரை ஒரே நிறுவனத்துடன் கட்டிப்போட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பலர் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

சிறு விஷயங்களிலும் மக்கள் தேவையின்றி அஞ்சுகிறார்கள். குறைந்த வருமானத்துக்காகக் கவுன்சில் வரியில் தரும் கழிவு பொது நிதியில் சேரும். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டுமே இருந்தால் தரும் 25 விழுக்காட்டுத் தள்ளுபடி சேராது; அதைத் தயங்காமல் கேட்கலாம்.

சுகாதாரத்துக்கு விசாக்காரர்கள் இலவசமாக நுழைகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய சுகாதார மேல்வரி 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஐந்தாண்டு விசாவில் வந்தால் 18,110 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதற்குப் பின் மாதச் சம்பளத்தில் தேசியக் காப்புறுதியும் பிடிக்கப்படும். மருத்துவ, பராமரிப்புப் பணி விசாவில் வருவோருக்கு இந்த மேல்வரி இல்லை.

பழம்பதிவு:

வாக்கும் உதவித்தொகையும் இப்படிப் பிரிந்து நிற்பதை இன்றைய சட்டத்தை மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கரீபியத் தீவுகளிலிருந்து எம்பயர் வின்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் டில்பரித் துறையில் இறங்கியது 1948 ஜூன் 22. தேசிய சுகாதாரச் சேவையும், தேசியக் காப்புறுதியும், ஏழைகளுக்கான தேசிய உதவித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூலை 5. பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது அதே மாதம் 30ஆம் நாள். நலன்புரி அரசும் காமன்வெல்த் குடியுரிமையும் ஆறு வார இடைவெளிக்குள் பிறந்தவை. அப்போது கிங்ஸ்டனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர் அல்லர். அவர் உள்ளே வருவதற்கும், வேலை செய்வதற்கும், வாக்களிப்பதற்கும், நொடித்துப்போனால் உதவி கேட்பதற்கும் தனி அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் படிப்படியான கழித்தல். 1962ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கான அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. கென்யாவிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் வந்துகொண்டிருந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்க 1968இல் மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேறியது. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்ற அதன் விதி யாருக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்பது எழுதியவர்களுக்கும் தெரியும், வாசித்தவர்களுக்கும் தெரியும். 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்ததோடு, காமன்வெல்த் குடிமகன் என்ற காரணத்துக்காக மட்டும் உள்ளே வரும் உரிமை முடிந்தது. காமன்வெல்த் நாடொன்றுக்குப் பிரிட்டன் முதன்முதலில் விசாவைக் கட்டாயமாக்கியது 1985இல். அந்த நாடு இலங்கை. 1983 கலவரத்துக்குப் பின் தமிழர்கள் உயிர் தப்பி வரத் தொடங்கியிருந்த நேரம் அது. மறு ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகியவையும் சேர்க்கப்பட்டன.

உள்ளே வருவதற்கான உரிமையும் உதவி பெறும் உரிமையும் இப்படிச் சுருங்கியபோது வாக்குரிமையை மட்டும் யாரும் தொடவில்லை. அதைத் தொடுவதால் எந்தக் கட்சிக்கும் ஆதாயம் இல்லை என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை. ஜிம்பாப்வே 2003இல் காமன்வெல்த்திலிருந்து வெளியேறிய பின்னும் அந்நாட்டவர் இங்கு வாக்களிக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே இதன் பின்னால் திட்டமிட்ட கொள்கை எதுவும் இல்லை என்று புரியும். ஆகவே ஈஸ்ட்ஹாம் வாசி வாக்குரிமையை நம்பிக்கையின் அடையாளமாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பேரரசு காலத்து எச்சம்.

நேர்வழி:

பழம்பதிவு சொன்ன வரலாற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு நான் எதிர் முடிவுக்கு வருகிறேன். எச்சமாக நிற்கும் ஓர் உரிமையைக் காட்டி இன்னோர் உரிமையைக் கேட்பது பலவீனமான வாதம். வாக்கு ஒவ்வாததாகத் தெரிந்தால் வாக்கைத்தான் சீராக்க வேண்டும். ஸ்காட்லாந்தும் வேல்சும் தங்கள் சட்டமன்றத் தேர்தல்களில் எந்த நாட்டவரானாலும் சட்டப்படி வசிப்பவருக்கு வாக்கு தருகின்றன. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

மருத்துவமனையின் ஒரே வார்டில் வேலை பார்க்கும் இரண்டு தாதியரை எண்ணிப்பாருங்கள். ஒருவர் மதுரையிலிருந்தும் மற்றவர் மணிலாவிலிருந்தும் வந்தவர்கள். இருவரும் ஒரே விசா, ஒரே சம்பளம், ஒரே வரி. முதலாமவருக்கு உதவித்தொகை, இரண்டாமவருக்கு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? பிலிப்பைன்ஸ் பிரிட்டனின் காலனியாக இருக்கவில்லை என்பது அந்தப் பெண்ணின் குற்றமா? காமன்வெல்த்தின் 56 நாடுகளுக்கும் இடையே தங்குதடையின்றிப் போய்வரும் உடன்படிக்கை எதுவும் இல்லை. சென்னையில் வசிக்கும் பிரிட்டன்காரருக்கு இந்தியா வாக்கும் தருவதில்லை, ரேஷன் அட்டையும் தருவதில்லை. கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் ஒரு பக்கம் மட்டும் உரிமை கோருவது செல்லாது.

சீட்டுப் பிடிக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொடர்ந்து கட்டியவருக்கே சீட்டை எடுக்கும் உரிமை. கட்டியவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், அதாவது சந்தா வழி வருபவை. மற்றவை நிரந்தர உறுப்பினர்களுக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமையோ குடியுரிமையோ பெற்றவர்களுக்கு.

ஈஸ்ட்ஹாம் வாசி:

கொடுக்கல் வாங்கல் என்று நேர்வழி சொன்னதால் அயர்லாந்தைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அயர்லாந்து 1949 ஏப்ரலில் காமன்வெல்த்தை விட்டு விலகியது. அதே ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றி, அயர்லாந்து வெளிநாடாகக் கருதப்படாது என்று அறிவித்தது. இன்றும் ஐரிஷ்காரர் ஒருவர் டப்ளினிலிருந்து வந்து இங்கே குடியமர்ந்தால் விசா வேண்டாம், வாக்கு உண்டு, உதவித்தொகையும் உண்டு. விலகிப் போனவருக்கு எல்லாமும், உள்ளே இருப்பவருக்கு நிபந்தனையும் என்றால், அரசு மனம் வைத்தால் எதையும் செய்யும் என்பதுதானே பொருள்? அயர்லாந்தோடு பரஸ்பர ஏற்பாடு இருப்பதை மறுக்கவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்ய விருப்பம் இருந்தது, நம் நாடுகளோடு செய்ய விருப்பம் இல்லை, அவ்வளவுதான்.

மணிலாத் தாதி பற்றிய கேள்வி நியாயமானது. அவருக்கும் கொடுங்கள் என்பதே என் பதில். ‘அவருக்கு இல்லாததால் உனக்கும் வேண்டாம்’ என்று முடிப்பது நீதியாகாது.

இன்னொன்று. இந்த நிபந்தனை நாட்டை ஆள்பவர்களுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது, எங்கள் தொகுதி உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் நாடாளுமன்றக் குழுவில் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துச் சொன்னார். அவர்களுக்கு ஏன் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்கவில்லை என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் திருப்பிக் கேட்டார். கிடைக்காதபடி செய்திருப்பது அவருடைய அரசின் விதிதான் என்பதை டிம்ஸ்தான் விளக்க வேண்டியிருந்தது.

கென்ட் செவிலி:

உங்கள் வாதங்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் திருநெல்வேலியில் செவிலியர் படிப்பு முடித்து, முதியோர் பராமரிப்பு விசாவில் இங்கு வந்தவள். அழைத்து வந்த நிறுவனம் ஒப்பந்தத்தில் வாரம் 39 மணி நேர வேலை என்று எழுதியிருந்தது. சில வாரங்களில் பாதிகூடத் தரவில்லை. பிறகு, வெளிநாட்டவரை விசாவில் வேலைக்கு எடுக்க அந்த நிறுவனத்துக்கு இருந்த ஸ்பான்சர் உரிமத்தை அரசு பறித்துக்கொண்டது. வேறு ஸ்பான்சரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் 60 நாளில் வெளியேறுங்கள் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. தவறு செய்தது நிறுவனம், காலக்கெடு எங்களுக்கு.

அந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டது பெரிய தொகை அல்ல. பகிர்ந்து தங்கிய வீட்டில் என் அறைக்கு வாடகை, பேருந்துக்குச் சில்லறை, ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி. உணவு வங்கியில் பருப்பு டின்களும் பாஸ்தாவும் கொடுத்தார்கள். அதை வாங்கினால் விசாவுக்குப் பாதகமாகுமோ என்று பயந்து, முதல் முறை பெயரைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். தொண்டு அமைப்பின் உணவு பொது நிதி அல்ல என்பதைப் பிறகு ஒரு ஆலோசகர்தான் சொன்னார். இப்போது எனக்கு வேறு ஸ்பான்சர் கிடைத்துவிட்டது. நேர்வழி ஐயாவிடம் ஒரு கேள்வி: சீட்டு நடத்துபவர் பாதியில் ஓடிவிட்டால், கட்டியவர்களையா ஊரைவிட்டுத் துரத்துவீர்கள்?

நேர்வழி:

சகோதரி, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தின் வேர், விசாவை ஒரே முதலாளியின் கையில் கொடுத்திருப்பதில் இருக்கிறது. வேலை மாறும் சுதந்திரம் இருந்திருந்தால் நீங்கள் அரசிடம் கைநீட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. மறுவாரமே வேறு பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். நலத்திட்ட உரிமைக்காகப் போராடும் ஆற்றலை அங்கே செலவிட்டால் பலன் அதிகம் என்பதே என் எண்ணம்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பாருங்கள். குடிவரவு பற்றி அரசு வெளியிட்ட 2025 மே மாத வெள்ளை அறிக்கை, நிரந்தர வதிவிடத்துக்கான பொதுவான காத்திருப்பை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக்க முன்மொழிந்தது. பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதும் அந்த ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டில் தடையை நீக்குங்கள் என்று கேட்பவர்கள், இருக்கும் ஐந்து ஆண்டைக் காப்பாற்றிக்கொள்ளவே இனிப் பாடுபட வேண்டியிருக்கும்.

கணக்கர்:

பத்து ஆண்டு என்று வந்துவிட்டால் நேர்வழியின் சீட்டுக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்து ஆண்டு தேசியக் காப்புறுதி கட்டியவர் அரசு ஓய்வூதியத்துக்கே குறைந்தபட்சத் தகுதி பெற்றுவிடுகிறார். ஓய்வூதியம் பெறும் அளவுக்குக் கட்டி முடித்தவரைக் குழந்தைப்படிக்கு மட்டும் ‘இன்னும் நீ உறுப்பினர் அல்ல’ என்று சொல்வது எந்தக் கணக்கு?

ஓய்வூதியத்திலும் காமன்வெல்த் நாட்டவருக்கு ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. பிரிட்டனில் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வசிக்கும் ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடையாது; முதலில் நிர்ணயித்த தொகையே ஆயுள் முழுவதும். புதிய முறை தொடங்கிய 2016இல் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்டு. அந்த ஆண்டே அதைப் பெற்றுக்கொண்டு யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ குடியேறியவர் இன்றும் அதே 155.65 பவுண்டைத்தான் வாங்குகிறார். அவரோடு அதே நாளில் ஓய்வு பெற்று லண்டனில் தங்கியவருக்கு 2025–26இல் 230.25 பவுண்டு. ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ போயிருந்தாலும் அந்த உயர்வு தொடர்ந்திருக்கும். காமன்வெல்த் நாடுகளிலும் ஜமைக்கா, பார்படோஸ், மொரீஷியஸ் போன்றவற்றுக்குப் பழைய ஒப்பந்தம் காரணமாக உயர்வு உண்டு.

இதை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த கார்சன் என்பவர் தொடுத்த வழக்கு 2005இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையிலும், 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயத்திலும் தோற்றது. பேராயத்தில் 11 நீதிபதிகள் அரசின் பக்கமும் 6 பேர் எதிராகவும் நின்றார்கள். சந்தா முழுவதையும் கட்டி முடித்தவர்கள் இவர்கள். கட்டியவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும் என்ற கொள்கையை அரசே மதிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பழம்பதிவு:

கணக்கர் சொன்னது தாளில் உரிமை இல்லாதவர்களின் கதை. தாளில் முழு உரிமை இருந்தும் இழந்தவர்களை இந்த விவாதம் இதுவரை தொடவில்லை.

1973 ஜனவரி முதல் நாளில் இங்கு குடியமர்ந்திருந்த காமன்வெல்த் குடிமக்களுக்குக் காலவரையற்ற தங்கல் உரிமை சட்டப்படி தானாகவே கிடைத்தது. ஆனால் அதற்கான சான்றிதழ் எதுவும் கையில் தரப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள். தெரசா மே உள்துறைச் செயலராக இருந்தபோது 2012இல் அறிவித்த ‘கடுஞ்சூழல்’ கொள்கை, 2014, 2016ஆம் ஆண்டுகளின் சட்டங்களாக மாறியது. வேலை வழங்குபவர், வீட்டுக்காரர், வங்கி எழுத்தர் எல்லோரும் குடிவரவு அதிகாரிகளாக்கப்பட்டார்கள். வசித்ததை நிரூபிக்க ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு ஆவணங்கள் வரை கேட்டது உள்துறை. அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டியிருக்கக்கூடிய பழைய தரையிறக்க அட்டைகளை அதே உள்துறைதான் 2010இல் அழித்திருந்தது. உதவித்தொகை நின்றவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்பட்டவர்களும், நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. 2018 ஏப்ரலில் அப்போதைய உள்துறைச் செயலர் ஆம்பர் ரட் பதவி விலகினார். மறு ஆண்டு இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்குக் காத்திருந்தே இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு ஆண்டா பத்து ஆண்டா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் கொடுத்த உரிமையைப் பதிவேட்டில் எழுதி வைக்காத அரசிடம் புதிய உரிமை கேட்கும்போது, அதற்கான சான்று யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் அட்டைகள் போய் எல்லாமே மின்விசாவாகிவிட்ட இந்தக் காலத்தில் நம்மில் பலரிடம் கையில் பிடித்துக் காட்ட ஒன்றுமே இல்லை.

ஈஸ்ட்ஹாம் வாசி:

பழம்பதிவின் வரலாற்றைப் படித்த பின்னும் என் கோரிக்கையில் மாற்றமில்லை. காமன்வெல்த் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடத் தயார். எந்த நாட்டவரானாலும் இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருந்தால் பிள்ளைகளுக்கான உதவிகளாவது கிடைக்க வேண்டும். நேர்வழி இதற்கும் ‘இல்லை’ என்றால், மணிலாத் தாதியைக் காட்டி வாதிட்டது எதற்காக என்று கேட்பேன்.

நேர்வழி:

பிள்ளைகள் பிரித்தானியக் குடிமக்களாக இருந்தால் சம்மதம். அதற்கு மேல் இல்லை.

புதுவரவு:

உங்கள் விவாதத்தின் நடுவே ஒரு நடைமுறைச் சந்தேகம். நான் பிரித்தானியக் குடிமகள். என் கணவர் இந்தியக் குடிமகன், துணைவர் விசாவில் இருக்கிறார். குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. குழந்தைப்படிக்கு விண்ணப்பித்தால் அவருடைய விசா நீட்டிப்புக்கு இடைஞ்சல் வருமா? உறவினர் ஒருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

கணக்கர்:

உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். நீங்கள் உங்களுக்கு உரிய உதவியைப் பெறுவது உங்கள் கணவரின் நிபந்தனையை மீறுவதாகாது. அவர் இருப்பதால் அத்தொகை கூடக் கூடாது என்பதே விதி, குழந்தைப்படி அப்படிக் கூடுவதில்லை. யூனிவர்சல் கிரெடிட் கேட்கும் நிலை வந்தால் விண்ணப்பத்தில் அவரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். உங்களுக்குத் தனிநபர் விகிதமே கிடைக்கும், ஆனால் அவருடைய சம்பளமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்பட்டு அத்தொகை குறையும். இது அநியாயமாகத் தோன்றினாலும் நடைமுறை இதுதான். அவருடைய விசா நீட்டிப்பு குறித்து, பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ கேளுங்கள். பதிவில்லாதவர் அந்த ஆலோசனையைத் தொழில்முறையில் தருவது இந்நாட்டில் குற்றம். அதனால் அந்தக் கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்லப் போவதில்லை, உங்கள் உறவினரும் சொல்லாமல் இருப்பதே நல்லது.